வாங்குமுன் எழுதும் ஏடு
(சிறு முதலீட்டாளருக்கு ஒரு பாடம்)

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்ற நாளில், கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொருவரும் பாடக் குறிப்பேடு ஒன்று வைத்திருத்தல் வேண்டும் என்பது விதி. இன்று கற்பிக்கப் போவது யாது, அதன் நோக்கம் யாது, பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கிற்று என்பதை எவ்வினாவால் அறியப் போகிறோம் என்பவற்றை வகுப்பறைக்குள் நுழையுமுன் எழுதி, விரிவுரையாளரிடம் கையொப்பம் பெற வேண்டும். சோம்பல் மிக்க சிலர் வகுப்பை முடித்துவிட்டு, மாலையில் விடுதியில் அமர்ந்து அழகாக எழுதி வருவர். விரிவுரையாளர் அதனை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். "இதில் எல்லாமே சரியாக நடந்திருக்கிறதே, அம்மா!" என்பார். நடந்து முடிந்த பின் எழுதிய ஏட்டில் பிழையே இராது. அதனாலேயே அது பயனற்றது.

அந்தப் பழைய சொல்லை நினைவூட்டியவர் நம்மிடம் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர். பாளையங்கோட்டையில் தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருக்கிறார். 2024 தை மாதத்தில் ஒருநாள் வந்து, நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு சொன்னார்: இரண்டு ஆண்டுகளில் பங்குச் சந்தையில் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் போயிற்று, மனைவியின் வளையல் இரண்டும் வங்கியில் அடகில் இருக்கின்றன, வீட்டில் பேச்சு நின்று போயிற்று.

கணக்கைக் காட்டுமாறு கேட்டோம். கைப்பேசியை நீட்டினார். "டீச்சர், எல்லாம் இதில் இருக்கிறது" என்றார். உண்மைதான். தேதி, விலை, எண்ணிக்கை, கட்டணம், இலாபம், நட்டம் யாவும் பைசா பிசகாமல் இருந்தன. ஒரு வரியைச் சுட்டி, "இதை ஏன் வாங்கினாய், தம்பி?" என்று கேட்டோம். சற்று யோசித்து ஒரு விடை சொன்னார். வேறொன்றைக் கேட்டோம்; அதற்கும் ஏறத்தாழ அதே விடை. நான்காவது வரிக்கு வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். பிறருடைய கணக்கைப் பதினைந்து ஆண்டுகளாகப் பிழையின்றி எழுதிவரும் அவரிடம், தம் சொந்தப் பணம் ஏன் சென்றது என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை.

நெல்லை நகர இரத வீதிகளில் கடை வைத்திருந்த பழைய வணிகர்களிடம் இரண்டு ஏடுகள் இருந்தன. அன்றாடம் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. அதனை ஆள் வாரியாகவும் இனம் வாரியாகவும் பிரித்து எழுதுவது பேரேடு. இவ்விரண்டையும் இன்று கணினியே எழுதிவிடுகிறது. ஒவ்வொரு வணிக நாள் முடிவிலும் தரகு நிறுவனம் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட் எனும் ஒப்பந்தச் சீட்டு நாள்வழியின் வேலையைச் செய்கிறது. நாம் இங்குப் பேசப் புகுந்தது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஏட்டைப் பற்றி. பணம் சென்ற வழியை அன்று. பணத்தைச் செலுத்திய மனம் சென்ற வழியை எழுதும் ஏடு அது.

தமிழ் வணிகர்க்கு இது புதிது என்று எண்ணற்க. புதுச்சேரியில் தியூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை வரலாற்றாசிரியர்கள் போற்றுகின்றனர். அவர் வணிகர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கப்பல் வந்ததையும் சரக்குகளையும் மட்டும் எழுதி அவர் நிறுத்தவில்லை. யார் என்ன சொன்னார், தாம் அதை எவ்வாறு எடுத்துக்கொண்டார் என்பதையும் அன்றன்றே எழுதினார். பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதியிருப்பாராயின் அது சுயசரிதமாகப் போயிருக்கும்.

நினைவு என்பது நேர்மையான சாட்சி அன்று. நம் அனுபவத்தையே சொல்லிவிடுகிறோம். 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹர்ஷத் மேத்தா என்னும் பெயர் திண்ணைகளிலெல்லாம் அடிபட்ட காலத்தில், நாமும் ஒரு நிறுவனத்தின் பங்குகளை ஐம்பது வாங்கினோம். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் ஊழல் வெளிப்பட்டுச் சந்தை சரிந்தது. நம் பணத்தில் பெரும்பகுதி மீளவில்லை. அதன் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், கேட்டவரிடமெல்லாம், "நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினோம், ஊழலால் கெட்டது" என்றே சொல்லி வந்தோம். பொய் சொல்லுகிறோம் என்ற எண்ணமே நமக்கு இல்லை. வீடு மாறிய சமயம் 1992-இன் டைரி அகப்பட்டது. மார்ச் மாதத்துப் பக்கத்தில் நம் கையெழுத்திலேயே இருந்தது: "எதிர்வீட்டு ஐயா 200 வாங்கினார்கள். நாமும் 50." ஆண்டறிக்கை அஞ்சலில் வந்து சேர்ந்த செய்தி செப்டம்பர் மாதத்துப் பக்கத்தில் இருந்தது! வாங்கி ஆறு திங்கள் கழித்து வந்த அறிக்கையை, வாங்குமுன் படித்ததாக முப்பது ஆண்டுகள் நம்பியிருக்கிறோம்.

இது ஒரு முதியவளின் மறதி மட்டும் அன்று. 1972-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் சீனாவிற்கும் சோவியத் நாட்டிற்கும் சென்றபோது, பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்னும் ஆய்வாளர் இருவர் இஸ்ரேல் நாட்டு மாணவரிடம், அப்பயணத்தில் இன்னின்னவை நிகழ எவ்வளவு வாய்ப்பு உண்டு என முன்கூட்டியே எழுதி வாங்கினர். பயணம் முடிந்த பின், "நீங்கள் முன்பு எழுதியது என்ன?" என்று கேட்டனர். நிகழ்ந்துவிட்டவற்றுக்குத் தாம் உண்மையில் எழுதியதைவிட மிகுதியான வாய்ப்பை எழுதியதாகவே மாணவர் பெரும்பாலும் நினைவுகூர்ந்தனர். 1975-இல் இவ்வாய்வு வெளிவந்தது. முதல் விடைத்தாள் கையில் இருந்தமையாலன்றோ இந்த மாற்றத்தை அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது? நம் ஏடு அந்த முதல் விடைத்தாள்.

இனி, எழுதும் முறை. கோடிட்ட நோட்டு ஒன்று போதும். கணினியில் எழுதுவோர் எழுதலாம். ஆனால் பின்னர் அழிக்க இயலாத வண்ணம் எழுதுதல் நன்று. ஆதலின் நாம் பேனாவையே விரும்புகிறோம். இடப்பக்கம் வாங்குமுன் எழுதுவதற்கு. வலப்பக்கம் விற்ற பின் எழுதுவதற்கு. இடப்பக்கம் நிரம்பாமல் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பது ஒன்றே சட்டம்.

இடப்பக்கத்தில் எழுத வேண்டுவன அதிகம் இல்லை. நிறுவனத்தின் பெயர், அது செய்யும் தொழில், வாங்கும் விலை, எண்ணிக்கை, வாங்கும் காரணம் ஒரே வாக்கியத்தில். அடுத்துப் பலரும் விட்டுவிடும் இரண்டு வரிகள் உண்டு. "என் எண்ணம் தவறு என்பதை எது எனக்குக் காட்டும்?" என்பது ஒன்று. "இதனை எனக்கு யார் சொன்னார்?" என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை எழுத வரவில்லையெனில், நமக்கு இருப்பது காரணம் அன்று, ஆசை. பின்னதற்கு வெட்கப்படாமல் விடை எழுத வேண்டும். தொலைக்காட்சி என்றால் தொலைக்காட்சி. மைத்துனர் என்றால் மைத்துனர். ஓராண்டு கழித்து ஏட்டைப் புரட்டினால், மைத்துனர் சொன்னவை எத்தனை, தாமே ஆய்ந்தவை எத்தனை, எவை நின்றன எவை விழுந்தன என்பது தானே தெரியும்.

நம் ஏட்டிலிருந்தே ஒரு பதிவு. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தோன்றிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. ஒரு கட்டு 28 பங்குகள். பங்கு ஒன்று 510 ரூபாய். ஆக 14,280 ரூபாய். நாம் விண்ணப்பித்தோம்; கிடைத்தது. விண்ணப்பிக்குமுன் காரணம் என்ற வரியில் வங்கியின் வாராக்கடன் விகிதம், வைப்புத்தொகை என்றெல்லாம் எழுதத் தொடங்கினோம். நான்கு சொல் எழுதியதும் கை நின்றது. அவற்றை அடித்துவிட்டு, "நம் பக்கத்து வங்கி, ஊர்ப் பற்று" என்று எழுதினோம். அது தக்க காரணம் ஆகாது என்பது எழுதிய கணமே விளங்கிற்று. அதனால் ஒரே கட்டோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு கட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு அமர்ந்தவர்கள் நாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர்ப் பற்று நம் பகுதியில் பெரிதும் காணப்படும் காரணம். தாழையூத்தில் 1949-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தை, "நம்மவர் தொடங்கியது" என்று சொல்லுவோர் இன்றும் உண்டு. 2024 டிசம்பரில் அது அல்ட்ராடெக் நிறுவனத்தின் துணை நிறுவனம் ஆயிற்று. இம்மாற்றம் நன்மையா தீமையா என்பது நம் பாடம் அன்று. "நம்மவர் நடத்துவது" என்று காரணம் எழுதி வாங்கியவர் இருப்பாராயின், அன்றோடு அவருடைய காரணம் முடிந்தது. ஏட்டைத் திறந்து புதிதாக ஒரு காரணம் எழுதவோ, பங்கை விற்கவோ வேண்டும். ஏடு இல்லாதவர்க்குக் காரணம் முடிந்துபோன செய்தியே தெரியாது.

வலப்பக்கத்தை நிரப்புவது கடினம். அங்கே கணக்கு ஆசிரியரின் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். கணக்குத் தேர்வில் வழிமுறைக்குத் தனி மதிப்பெண், விடைக்குத் தனி மதிப்பெண். வழி சரியாக இருந்து விடை பிழையானால் பாதிக்கு மேல் உண்டு. வழியே இல்லாமல் விடை மட்டும் சரியாக இருந்தால், பக்கத்துப் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்போம். பங்கிலும் அவ்வாறே. இடப்பக்கத்தில் எழுதியபடி நடந்தோமா என்பதற்கு ஒரு மதிப்பெண். இலாபம் வந்ததா என்பதற்கு ஒரு மதிப்பெண். வழி தவறி இலாபம் வந்த பதிவுகளே மிகவும் ஆபத்தானவை. அவற்றைச் சிவப்பு மையால் சுழித்து வைக்க வேண்டும்; அடுத்த முறை பெருந்தொகையை இழக்கத் துணிவு தருவன அவை.

கலிபோர்னியப் பேராசிரியர் டெரன்ஸ் ஒடீன், 1987 முதல் 1993 வரையிலான பதினாயிரம் கணக்குகளை ஆய்ந்து, மக்கள் ஏறிய பங்கை விரைந்து விற்று, இறங்கிய பங்கை விடாமல் பிடித்துக்கொள்ளுகின்றனர் என்று 1998-இல் எழுதினார். காய்த்த மரத்தை வெட்டிவிட்டுப் பட்ட மரத்திற்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றது இது. 2000-ஆம் ஆண்டில் அவரும் பிராட் பார்பரும் அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கணக்கை எடுத்துக்கொண்டு, மிக அதிகமாக வாங்கி விற்றவர்க்கு ஆண்டுக்கு 11.4 விழுக்காடும், சந்தைக்கு 17.9 விழுக்காடும் கிடைத்தன என்று காட்டினர். மறு ஆண்டில் வந்த அவர்களது கட்டுரை, பெண்களைவிட ஆண்கள் 45 விழுக்காடு மிகுதியாக வாங்கி விற்கின்றனர், அதனால் மிகுதியாக இழக்கின்றனர் என்றது. இதனை நாம் மகிழ்ச்சியோடு எழுதுகிறோம் என்பதை மறைப்பானேன்!

அடிக்கடி வாங்கி விற்பதில் இழப்பு எங்கே நேர்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். 200 ரூபாய்ப் பங்கு நூறு வாங்கினால் 20,000 ரூபாய். மறுவாரம் 201-க்கு விற்றால் 20,100. நூறு ரூபாய் இலாபம் என்று மனம் சொல்லும். வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 விழுக்காடு வீதம் நாற்பது ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 விழுக்காடு, மூன்று ரூபாய். நூற்றில் நாற்பத்து மூன்று இதிலேயே போயிற்று. தரகு, சந்தைக் கட்டணம், அவற்றின் மேல் சரக்கு சேவை வரி, டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுக்கும் கட்டணம் ஆகியன இன்னும் உள. இத்தனையும் ஒப்பந்தச் சீட்டிலும் கணக்கு அறிக்கையிலும் இருக்கின்றன. ஆனால் கையால் எழுதிக் கூட்டும்போதுதான் உறைக்கிறது. வாங்கிய தேதியையும் கட்டாயம் எழுதுக. ஓராண்டுக்குள் விற்ற இலாபத்திற்கு 20 விழுக்காடு வரி. அதற்கு மேல் வைத்திருந்தால், ஆண்டுக்கு ஒன்றேகால் இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இலாபத்திற்கு மட்டும் 12.5 விழுக்காடு. இவ்விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் வந்தவை.

மாணவர் இழந்தது இத்தகைய பங்குகளில் அன்று. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர ஒப்பந்தங்களில். அதைப் பற்றிக் கண்டிப்பாகச் சில சொற்கள் சொல்ல வேண்டியுள்ளது. சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மார்ச் 2024-இல் முடிந்த மூன்று நிதியாண்டுகளில் இவற்றில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். சராசரி நட்டம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபாய். எல்லாருடையதும் சேர்ந்து 1.8 இலட்சம் கோடிக்கும் மேல். 2024-25 நிதியாண்டில் நட்டமடைந்தோர் 91 விழுக்காடு என்று 2025 ஜூலையில் வந்த ஆய்வு கூறிற்று. இவ்வெண்களினும் நம்மை வருத்திய எண் ஒன்று முதல் ஆய்வில் உண்டு. ஆண்டுதோறும் நட்டப்பட்டும், நட்டமடைந்தோரில் 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விடாது தொடர்ந்தனர்.

முறையாகக் குறிப்பெழுதினால் இதிலும் வென்றுவிடலாம் என்று சொல்லுவோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. பத்தில் ஒன்பது பேர் தோற்கும் இடத்தில் ஏடு செய்யக்கூடிய நன்மை ஒன்றே: தோற்கிறோம் என்பதை மூன்றாம் மாதத்திலேயே காட்டிவிடும். மாணவரும் நாமும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து, ஒப்பந்தச் சீட்டுகளை வைத்துக்கொண்டு பழைய ஏட்டை எழுத முயன்றோம். காரணம் என்ற வரிகள் பெரும்பாலும் வெறுமையாகவே நின்றன. ஆயினும் நேரத்தை எழுத முடிந்தது. அதில் ஒன்று புலப்பட்டது: பெரிய நட்டங்கள் பலவும் ஏற்கெனவே ஒரு நட்டம் நேர்ந்த அதே நாளில், ஒரு மணி நேரத்திற்குள் நேர்ந்தவை. விட்டதைப் பிடிக்கப் போய் விட்டவை. "இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லையே, டீச்சர்" என்றார்.

இல்லறத்தாருக்குரிய நோன்புகளில் மிகுபொருள் விரும்பாமையை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. இவ்வளவே என் உடைமை என்று வரையறுத்துக்கொள்வது அது. அவ்வரை பொருள் வருமுன் இடப்படுவது. வந்து குவிந்த பின் இட்டால் அது வந்த அளவுக்கே நீளும். ஏட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரைகளை எழுதச் சொல்லுகிறோம்: சந்தையில் இடும் தொகை இவ்வளவுக்கு மேல் இல்லை, இவ்வளவு குறைந்தால் இவ்வாண்டு மேலும் இடுவதில்லை. நிறுவனம் செய்யும் தொழில் யாது என்ற வரியும் நமக்குப் பொருளுடையது. இறைச்சி, தோல், மது என்று எழுதும்போதே கை தயங்கும். பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர்க்கு அத்தயக்கத்திற்கு வாய்ப்பில்லை. அந்தியில் பிரதிக்கிரமணம் செய்யும் வழக்கமுடையோர்க்கு வலப்பக்கம் எழுதுதல் எளிதாக வரக்கூடும். அன்றைய பிழையை அன்றே, பெயரிட்டு, பிறர்மேல் ஏற்றாமல் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். வடபுலத்து வணிகர், மகாவீரர் நிர்வாணமுற்ற தீபாவளி நாளில் புதுக் கணக்கேட்டைத் தொடங்குகையில் சுபம், லாபம் என்று எழுதுவர். சுபம் முன்னே, லாபம் பின்னே.

சிறு முதலீட்டாளரின் இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கொரிய நாட்டில் அவர்களை எறும்புகள் என்றே அழைக்கின்றனர். 2020-இல் பெருந்தொற்றால் சந்தை சரிந்து வெளிநாட்டார் விற்றபோது, அந்த எறும்புகள் திரண்டு வாங்கின. 1894-இன் தோங்ஹாக் உழவர் எழுச்சியின் பெயரையே அதற்கும் இட்டனர். நாம் கூறும் ஏட்டிற்கு அம்மொழியில் தனிப் பெயரே உண்டு. "மேமே இல்ஜி" என்பர். வாங்கல் விற்றல் நாட்குறிப்பு என்பது பொருள்.

வாங்காத நாளைப் பற்றியும் எழுத வேண்டும். பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை 143 அடி நிரம்பிய நாளிலும் எழுதுகிறார்கள், சேறு தெரியும் கோடையிலும் எழுதுகிறார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் அது வருகிறது. வெள்ளம் வந்த நாளில் மட்டும் எழுதிய அணைக்கணக்கை வைத்துக்கொண்டு காருக்கும் பிசானத்திற்கும் தண்ணீர் பங்கிட முடியுமா? வாங்க நினைத்து வாங்காமல் விட்டவற்றையும் காரணத்தோடு எழுதி வைத்தால், நம் அச்சம் எங்கே சரியாக இருந்தது, எங்கே வீணாயிற்று என்பது தெரியும்.

மையைப் பற்றி ஒரு சொல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது, சிந்துபூந்துறையில் நம் உறவினர் வீட்டினுள் தண்ணீர் புகுந்தது. மை ஊற்றி எழுதும் பேனாவால் எழுதிய நோட்டுகள் நீல நீராகிவிட்டன. பந்துமுனைப் பேனா எழுத்து உலர்ந்த பின் படிக்கக் கிடைத்தது. பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தலும் நன்று. ஏடு இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தரகரிடம் கணக்கு, டிமேட் எண் என்ன, நியமனதாரர் யார் என்பன கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

மாணவர் முன்பேர ஒப்பந்தங்களை விட்டுவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர் ஏட்டை மனைவி படிக்கிறார்; அது நம் யோசனை அன்று, அந்த அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டது. முதல் மாதம் படித்துவிட்டு, "இதில் ஏன் என்ற இடத்தில் 'விலை ஏறுகிறது' என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்களே, ஏறுவது காரணமா?" என்று கேட்டாராம். சென்ற மாதப் பக்கத்தில் நான்கு பதிவுகள். மூன்று "வாங்கவில்லை" என்பன. வளையல்களில் ஒன்று சம்பளப் பணத்தில் மீண்டிருக்கிறது. மற்றொன்று இன்னும் வங்கியில்.